முன்ஷி வீட்டு குல்ஷன்

தணலை மூடிமேல் பரப்பியாகிவிட்டது. இனிமேல் திறந்து பார்க்கக் கூடாது, பார்த்தால் உள்ளே இருக்கிற சூடு போய்த் தம்ரூட் நடுவில் குழிந்துவிடும், பார்க்காமல் விட்டால் அடியில் பிடித்துவிடும், ஆகமொத்தம் மூக்கை மட்டும் நம்பி அடுப்பண்டை உட்கார்ந்திருக்க வேண்டிய வேலை இது, இதைப் போய் யார் என் தலையில் கட்டினார்கள் என்று கம்ருன்னிசா தன்னையே கேட்டுக்கொண்டாள். யாரும் கட்டவில்லை. காலையில் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று, 'கடைப் பலகாரமா வைக்கிறது, நானே செய்யறேன்' என்று வாயை விட்டவள் அவள்தான். வாய், வாய், பிறந்ததிலிருந்து எல்லாம் இந்த வாயால் வந்தது. ரவையும் முட்டையும் நெய்யும் சர்க்கரையும் தங்கை நஃபீசாவின் கைக்குப் போனால் பொன்னாகப் பொங்கும், இவள் கைக்கு வந்தால் சமயத்தில் செங்கல், சமயத்தில் கரி. இன்றைக்கு மட்டும் கரியாகக் கூடாது. சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் ஆம்பூர் ஸக்கியா பீ தன் மகனுக்கு ரஃபியாவைப் பார்க்க வருகிறாள், ராயப்பேட்டையில் சொந்தக்காரர் வீட்டில் வந்து தங்கியிருக்கிறாள். ரஃபியா கம்ருன்னிசாவின் ஒரே பெண், மூன்று பையன்களுக்குப் பிறகு துஆ கேட்டுக் கேட்டுப் பிறந்தவள், இதுவரை வந்த வரன்களையெல்லாம் 'வேண்டாம் அம்மீ' என்று இரண்டே வார்த்தையில் முடித்தவள். இந்தப் பையனின் படத்தைப் பார்த்துவிட்டுப் போய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள், மடித்ததையே திரும்ப மடித்தாள், அப்புறம் அலமாரியிடம் பேசுகிற மாதிரி, 'பள்ளிக்கூட வாத்தியாராமே, கல்யாணத்துக்கு அப்புறமும் படிக்கலாம்னு சொன்னாங்களாமே' என்றாள். பெற்றவளுக்குத் தெரியாதா, பிடித்துப்போயிற்று. பிடித்துப்போன பிறகு இது கைநழுவினால் அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது.

நழுவுவதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருந்தது, அது அப்பாஜான் எழுதிய புத்தகம். அட்டையில் அதற்கு நீளமாக ஒரு பாரசீகப் பெயர் உண்டு, அதை முழுசாகச் சொன்னவர்களை கம்ருன்னிசா பார்த்ததில்லை, ஊருக்கெல்லாம் அது 'முன்ஷி சாகிப் கிதாப்', அவ்வளவுதான். இந்த ஊர்ப் பக்கத்தில் ஒரு பெண் பிள்ளை எழுத்தைக் கூட்டிப் படித்துக் கதை தெரிந்துகொள்ள உருதுவில் வந்த முதல் நாவல் அதுதான் என்று மெத்தப் படித்தவர்கள் சொல்வார்கள். கல்யாணச் சீரில் குர்ஆனும் தொழுகை விரிப்பும் போகிற பெட்டியில் மூன்றாவதாக அதுவும் போகும். அதில் ஒரு வீட்டில் இரண்டு பெண்கள். சாலிஹா என்பவள் விடிவதற்கு முன் எழுந்து, வீட்டைப் பெருக்கி, கணக்கெழுதி, மாமியாரைத் தன் பக்கம் திருப்பி, தெருப் பெண்களுக்கெல்லாம் எழுத்துச் சொல்லித் தருகிறவள். குல்ஷன் என்பவள் வெயில் முதுகில் சுடும்வரை தூங்கி, பாலைப் பொங்க விட்டு, பலகாரத்தைத் தீய விட்டு, பெரியவர்கள் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்லி, பட்டுக்கெட்டுத் திருந்துகிறவள். அதை எழுதின அப்பாஜான் முன்ஷி வஜீஹுல்லா சாகிப்புக்கும் வீட்டில் இரண்டு பெண்கள். சின்னவள் நஃபீசா சாலிஹாவைவிட ஒரு படி மேலே சாலிஹா. அப்புறம் குல்ஷன் யார் என்று ஊருக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டுமா என்ன. ஜாம் பஜாரிலிருந்து மீர்சாகிப்பேட்டைவரை எந்த வீட்டில் சோறு அடிபிடித்தாலும் 'வந்துட்டாடி குல்ஷன்' என்பார்கள், ஒரு பெண்ணின் பெயராக இருந்தது போய் அது ஒரு வசவாகவே ஆகிவிட்டது, அந்த வசவுக்குச் சொந்தக்காரி இங்கே உயிரோடு அடுப்பு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், ஐம்பது வயது, முழங்கால் வலி, மூக்குக் கண்ணாடி சகிதம்.

போன வருஷம் வந்த வேலூர் வரன் அதில்தான் போயிற்று. ரஃபியாவே அதை வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள், அது வேறு கதை, ஆனால் அவர்கள் முந்திக்கொண்டு சொன்ன காரணம் கம்ருன்னிசாவின் காதுக்கு வந்து சேர்ந்தது. 'முன்ஷி சாகிப் பேத்தின்னா எடுத்துக்கலாம், ஆனா அவ குல்ஷன் பெத்தவளாமே.' அதனால்தான் இந்தத் தடவை வரன் பேசி முடிக்கிற ஜுலேகா பீ வெற்றிலையை அதக்கிக்கொண்டு படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனாள். 'முன்ஷி சாகிப் பேத்தின்னுதான் சொல்லியிருக்கேன். எந்த மகளோட பொண்ணுன்னு அவங்க கேக்கலே, நானும் சொல்லலே. நீங்களும் கொஞ்சம் வாயை வச்சிக்கிட்டு சும்மா இருங்க. தங்கச்சியைப் பேசவிடுங்க.' சரி என்று தலையாட்டியாகிவிட்டது. நஃபீசா காலையிலேயே வந்து தலையணை உறை மாற்றி, பித்தளைச் சாமான்களைப் புளி போட்டுத் தேய்த்து, ரஃபியாவுக்குத் தலை பின்னி, இப்போது கூடத்தில் விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருக்கிறாள், அவளுக்குப் பிள்ளையில்லை, ரஃபியாதான் பிள்ளை. எல்லாம் சரி, ஆனால் கூடத்தின் மறுபாதியில் சிக் என்கிற மூங்கில் தட்டிக்குப் பின்னால் அப்பாஜான் கட்டிலில் கிடக்கிறார். கால் விழுந்துவிட்டது, தூக்கி வேறு அறையில் போடலாம் என்றால் தட்டி பக்கத்தில் இல்லாவிட்டால் குழந்தை மாதிரி அழுகிறார். ஞாபகம் நாற்பது வருஷத்துக்கு முன்னும் பின்னுமாக ஓடுகிறது. தண்ணீர் வேண்டுமென்றால்கூட 'அடி குல்ஷன்' என்றுதான் கூப்பிடுகிறார். வந்தவர்கள் இருக்கும்போது அப்படிக் கூப்பிட்டுவிட்டால் ஜுலேகா பீ சொன்னது எல்லாம் போச்சு. நல்லவேளை, மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டு இப்போது தூங்குகிறார், குறட்டை இங்கேவரை கேட்கிறது, யா அல்லாஹ், பொழுது சாய்கிற மஃரிபுவரை இந்தக் குறட்டையை நிறுத்தாதே.

அந்தத் தட்டி. அப்பாஜானோடு பிறந்த வீட்டிலிருந்து வந்தது. புதுசாக மாற்றித் தருகிறேன் என்று பெரிய பையன் எத்தனை தடவை சொல்லியும் அவள் விடவில்லை, ஏன் விடவில்லை என்று யோசித்ததும் இல்லை. புத்தகம் முழுவதும் அந்தத் தட்டிக்குப் பின்னால்தான் உருவாயிற்று. வாரத்தில் இரண்டு நாள் மத்தியான லுஹர் தொழுகை முடிந்ததும் தெருப் பெண்கள் புர்க்காவோடு வந்து கூடத்தில் உட்காருவார்கள், கைவேலையும் வெற்றிலையும் கைக்குழந்தையுமாக, பாதிப் பேருக்கு மேல் எழுத்து வாசனையே கிடையாது. அந்நியப் பெண்களுக்கு முன்னால் ஆண்பிள்ளை வரக் கூடாதே, அதனால் அப்பாஜான்தான் தட்டிக்குப் பின்னால் கோஷாவில் உட்காருவார், ஊரிலேயே பர்தா அனுசரித்த ஒரே ஆம்பளை அவர்தான் என்று அம்மீ கிண்டல் செய்வாள். உட்கார்ந்து எழுதின வரைக்கும் படிப்பார். சிரிப்புச் சத்தம் வந்தால் அந்த வரி இருக்கும். சத்தமே வராவிட்டால் பென்சிலால் ஒரு கோடு. ஆனால் சத்தம் வராததற்கு ஆயிரம் காரணம் இருக்குமே, அழுகிறார்களா, தூங்குகிறார்களா, பாயாசத்தைப் பற்றி நினைக்கிறார்களா, அது தட்டிக்குப் பின்னால் இருக்கிறவருக்கு எப்படித் தெரியும். அதற்குத்தான் கம்ரு. அப்போது அவள் சின்னப் பிள்ளை, பர்தா வரவில்லை, இரண்டு பக்கமும் போய்வரலாம். தட்டியில் ஒரு குச்சி உடைந்த சந்து இருந்தது, அதில் கண்ணை வைத்துக்கொண்டு அப்பாஜானின் காதில் சொல்லுவாள். 'டோபிகானா அம்மா கொட்டாவி விடறாங்க. மெஹபூப் பீ அழறாங்க, இல்லே இல்லே, சுண்ணாம்பு கண்ணுல பட்டுடுச்சு.' அப்பாஜான் தோள் குலுங்கும், வாயைத் துண்டால் பொத்திக்கொள்வார். அத்தர் வாசனையும் மைக்கூட்டு வாசனையும் கலந்து அந்தத் தோளில் வரும், இன்றைக்கும் தைலம் தேய்க்கக் குனியும்போது கொஞ்சம் வருகிறது, அல்லது வருவதாக இவளாக நினைத்துக்கொள்கிறாளோ என்னவோ.

சாலிஹா பேசுகிற பக்கம் வந்தால் தூங்கியவர்கள் அதிகம், அது இப்போதுதான் உறைக்கிறது, இத்தனை வருஷம் கழித்து, அடுப்பு முன்னால். சாலிஹா வாயைத் திறந்தால் அரைப் பக்கம் அறிவுரை, அழகான அறிவுரை, எல்லாப் பெண்களும் கேட்டு நடக்க வேண்டியது, கேட்டுக்கொண்டே ஒவ்வொரு தலையாகச் சாயும். குல்ஷன் வந்தால் எல்லாத் தலையும் நிமிரும். குல்ஷன் பேசினது எல்லாம் யார் பேசினது. பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று அப்பாஜான் ஆரம்பித்து, திரை போட்ட மாட்டு வண்டியில் பிள்ளைகளைக் கூட்டிவரச் செய்தபோது வண்டிமேல் கல் விழுந்தது. முதல் வண்டியில் போனது கம்ருவும் நஃபீசாவும்தான், நஃபீசா கண்ணை மூடிக்கொண்டு ஸலவாத் ஓதினாள், கம்ரு திரைக்குள்ளிருந்து, 'குறி தப்பிப்போச்சு, இன்னொண்ணு போடுங்க' என்று கத்தினாள். அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில் அப்பாஜானுக்கு இரண்டு பக்கமும் ஆள் நிற்காமல் விலகி நின்றார்களாம், வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார், முகம் தொங்கிப்போயிருந்தது, அம்மீ விசிறிக்கொண்டே அழுதாள். கம்ரு பக்கத்தில் போய், 'அப்போ அப்பாஜான், இன்னைக்குத் தாராளமாக் கை காலை நீட்டித் தொழுதிருப்பீங்களே' என்றாள். அம்மீ அடிக்கக் கையை ஓங்கினாள். அப்பாஜான் முதலில் முறைத்தார், அப்புறம் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தார், எழுந்து போய் மைக்கூட்டைத் திறந்தார். அடுத்த வாரம் தட்டிக்குப் பின்னாலிருந்து குல்ஷன் அதே வார்த்தையைச் சொன்னாள், கூடமே குலுங்கிப்போயிற்று, கம்ருவுக்குத் தலைகால் புரியவில்லை, என் பேச்சுதான் அது, என் பேச்சுதான் என்று தட்டியைப் பிய்த்துக்கொண்டு போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அப்போது அவளுக்கு அது பெருமை. பெருமை எந்த இடத்தில் அவமானமாக மாறியது என்று இன்றுவரை அவளுக்குப் பிடிபடவில்லை.

மாறியது கல்யாணத்தில்தான் இருக்கும். அவளுடைய சீரிலும் அந்தப் புத்தகம் போயிற்று, போகாமல் இருக்குமா, முன்ஷி சாகிப் மகள் கல்யாணம் ஆயிற்றே. மாமியார் முதல் நாள் கரண்டியைக் கையில் கொடுத்து, 'பார்த்தும்மா, குல்ஷன் வேலை காட்டிடாதே' என்றாள், நல்ல மனுஷி, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள், கம்ருன்னிசாவும் சேர்ந்து சிரித்துவிட்டுக் குளியலறையில் போய் நின்றுகொண்டாள். கணவர் ஐஸ்ஹவுஸ் பக்கம் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர், ஒரு சொல் கூடப் பேசமாட்டார், குறையும் சொல்லமாட்டார், அவராவது ஒரு தடவை 'நீ குல்ஷன் இல்லே' என்று சொல்லியிருக்கலாம். அம்மீ இருந்தவரைக்கும் அப்பாஜானைச் சும்மா விடவில்லை. 'பெத்த பொண்ணை ஊர் சிரிக்க வச்சீங்களே, உங்க சீர்திருத்தத்துக்கு என் பொண்ணுதானா கிடைச்சா?' என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விடுவார். கம்ருன்னிசா கேட்டதே இல்லை. ஊருக்கே பதில் சொல்கிற வாய், அவரிடம் இந்த ஒரு கேள்வியை மட்டும் மென்று முழுங்கிக்கொண்டிருந்தது. என்னை அப்படித்தான் நினைத்தீர்களா அப்பாஜான். உதவாக்கரை, தீயவிடுகிறவள், திருத்த வேண்டியவள், அப்படித்தானா. அந்தக் கடைசி அத்தியாயம்தான் அவளை ரொம்ப வருத்தியது. அதில் குல்ஷன் திருந்திவிடுகிறாள். திருந்தினவள் அப்புறம் ஒரு வார்த்தை பேசுவதில்லை, சாலிஹா சொல்வதற்கெல்லாம் தலையைக் குனிந்துகொள்கிறாள், கதை முடிந்துவிடுகிறது. தெருப் பெண்களே அன்றைக்கு முணுமுணுத்தார்கள், 'எங்க முன்ஷி சாகிப் அந்தப் பொண்ணு, சத்தத்தையே காணோம்?' என்று மெஹபூப் பீ தட்டியைப் பார்த்துக் கேட்டாள். அதை மட்டும் அப்பாஜான் மாற்றவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பெண்ணை அனுப்பலாமா வேண்டாமா என்று ஊர் யோசித்துக்கொண்டிருந்த காலம், குல்ஷன் திருந்தாமல் விட்டால் எவன் அனுப்புவான், அது அவளுக்கும் புரிகிறது, அந்தக் கதையால் எத்தனை பெண்கள் எழுத்துப் படித்தார்கள் என்று யோசித்தால் மனசு நிறைந்தும் போகிறது, கோபப்படக்கூட முடியாத மாதிரி ஒரு நல்ல மனுஷருக்கு மகளாகப் பிறந்துவிட்டால் இது ஒரு தொந்தரவு. இப்போது கேட்கலாம் என்றால் அவருக்கு ஞாபகம் இல்லை. கேட்க வேண்டியவர் கூடத்தில்தான் படுத்திருக்கிறார், ஆனால் பதில் தெரிந்தவர் எங்கேயோ போய்விட்டார்.

"ஆப்பா, மூக்கு வேலை செய்யலியா உனக்கு" என்று அக்காவைக் கேட்டபடி நஃபீசா வாசற்படியில் நின்றாள். அப்புறம்தான் வாசனை தெரிந்தது, தூக்கி வாரிப் போட்டது, துணியைப் பிடித்து மூடியை இறக்கினால் தணல் இரண்டு தரையில் உருண்டது. நடுவில் நல்ல செம்பொன் நிறம். ஒரு ஓரத்தில் மட்டும் கறுப்பு, சந்திரனைக் கடித்த மாதிரி. கம்ருன்னிசா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், கண் கலங்கியது, "பாரு, அவர் எழுதினது பொய்யில்லே" என்றாள். நஃபீசா கத்தியை எடுத்துக் கறுப்பு ஓரத்தைச் சீவி எடுத்தாள், சதுரம் சதுரமாக வெட்டினாள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு சாரைப் பருப்பை வைத்தாள், இப்போது யார் பார்த்தாலும் அந்த வீட்டில் எதுவும் தீய்ந்ததே இல்லை என்று சத்தியம் செய்வார்கள். கறுப்புத் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். சின்ன வயதிலிருந்து இப்படித்தான், அக்கா தீய்த்ததையெல்லாம் தின்று மறைத்தவள் அவள்தான், அது புத்தகத்தில் இல்லை. "உனக்கு என் மேல கோபமே வராதா நஃபீ?" என்று கம்ருன்னிசா கேட்டாள். "வரும். வந்தா உன்னை மாதிரி அழகாத் திட்டத் தெரியாது, அதனால விட்டுடுவேன்" என்றாள் நஃபீசா. "முகம் கழுவு, புடவை மாத்து. பேசாம இரு, அதுபோதும்."

வந்தார்கள். ஸக்கியா பீ, கூடவே அவளுடைய நாத்தனார், ஓரமாக ஜுலேகா பீ. புர்க்காவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், அத்தர் தெளித்து, தட்டு வைத்து, வெயிலைப் பற்றியும் ரயிலில் கூட்டத்தைப் பற்றியும் பேசினார்கள். உருதுதான் பேசினார்கள், ஆம்பூர் உருதுவும் திருவல்லிக்கேணி உருதுவும் கொஞ்சம் முட்டிக்கொண்டாலும் மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை. ரஃபியா வந்து ஸலாம் சொல்லித் தலையைக் குனிந்து உட்கார்ந்தாள், காது மடல் சிவந்திருந்தது. ஸக்கியா பீ அவள் மோவாயைத் தூக்கிப் பார்த்து, மாஷா அல்லாஹ் என்றாள், மனசிலிருந்து வந்தது, கம்ருன்னிசாவுக்கு அது கேட்டதும் உடம்பே லேசாயிற்று. தம்ரூட்டை எடுத்துத் தின்றார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள். தட்டிக்குப் பின்னால் குறட்டை சீராக இருந்தது. எல்லாம் முடிந்தது, இனி ஒன்றும் வராது என்று இவள் மூச்சு விட்ட நேரம் பார்த்து ஸக்கியா பீ கையைத் துடைத்துக்கொண்டு, "முன்ஷி ஹஸ்ரத் கிதாபைக் கேட்டு வளர்ந்தவங்க நாங்க. ரொம்ப நாள் ஆசை, கேட்டுடறேன், தப்பா நினைக்காதீங்க. உங்க ரெண்டு பேர்ல குல்ஷன் யாரு?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் நாத்தனார் வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டாள், ஜுலேகா பீ கண்ணை மூடிக்கொண்டாள், ரஃபியாவின் விரல் விரிப்பின் நூலைப் பிடித்து இழுத்தது. பதில் சொன்னது நஃபீசா. பொய் என்பதை ஜென்மத்தில் சொல்லாதவள், கழுத்துவரை சிவந்துபோய், "நான்தாங்க" என்றாள்.

அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். பழி போயிற்று, பெண் பிழைத்தாள், தங்கச்சி தங்கம். ஆனால் கம்ருன்னிசாவின் நெஞ்சில் ஏதோ கிள்ளியது, என்ன இது, வயிற்றெரிச்சலா, இத்தனை வருஷம் எங்கேயாவது கழற்றிப் போட முடியாதா என்று அலைந்த ஒன்றை ஒருத்தி தானாக எடுத்துப் போட்டுக்கொண்டால் எரிச்சல் வருமா, வந்ததே. ஸக்கியா பீ ஆவலாக நஃபீசாவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "அந்தக் கொலுசுக் கதை நிஜமா? வளையல்காரிக்குக் கொடுத்தது?" "நிஜம்தாங்க" என்றாள் நஃபீசா. "அவ குழந்தைக்குக் காய்ச்சல்னு சொன்னா. வெள்ளிக் கொலுசைக் கழட்டிக் கொடுத்துட்டேன். அம்மீ அடிச்சாங்க. தப்புதான்." அவ்வளவுதான், முடித்துவிட்டாள், உப்பில்லாத கஞ்சி மாதிரி. கம்ருன்னிசாவுக்குக் கை பரபரத்தது. அந்தக் கதையை இப்படியா சொல்வது, முக்கியமான இடத்தை விட்டுவிட்டு, பாழாக்கிவிட்டாளே பாவி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு என்று ஜுலேகா பீயும் நஃபீசாவும் ரஃபியாவின் குனிந்த தலையும் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த வாய் திறந்துகொண்டது. "அப்படியில்லே" என்றாள். "முதல்ல ஒத்தைக் கொலுசைத்தான் கொடுத்தேன். நாலு அடி நடந்து பார்த்தா, ஒத்தைக் கொலுசு நொண்டி நடக்கிற மாதிரி சத்தம் போடுது. சரி, இதையும் நீயே வச்சிக்கோன்னு திரும்பி ஓடிக் கொடுத்தேன். அம்மீ ஒண்ணுக்கு ஒரு அடின்னு ரெண்டு அடி போட்டாங்க. ரெண்டும் ஒரே கால்ல போடாதீங்கம்மீ, அப்புறம் நிஜமாவே நொண்டுவேன்னேன்." நாத்தனார் பொக்கென்று சிரித்துவிட்டாள், வெற்றிலைச் சாறு தெறித்தது. கம்ருன்னிசா ரஃபியாவைப் பார்க்காமல் சொன்னாள். "நஃபீசா எனக்காகப் பொய் சொல்றா. குல்ஷன் நான்தான். இது என் பொண்ணு."

ஸக்கியா பீ அவளையே பார்த்தாள். "பொண்ணும் உங்களை மாதிரி பதிலுக்குப் பதில் பேசுவாளா?" என்று கேட்டாள், இந்தத் தடவை சிரிக்கவில்லை. இல்லவே இல்லை, வாயில்லாப் பூச்சி என்று சொல்லியிருக்கலாம், எல்லாப் பெண்ணைப் பெற்றவர்களும் அதைத்தான் சொல்வார்கள். "பேசுவா" என்றாள் கம்ருன்னிசா. "நான் தடுத்ததில்லே. தடுக்கவும் மாட்டேன்." நாத்தனாரும் ஸக்கியா பீயும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நல்லது, வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்பறோம்" என்று ஸக்கியா பீ புர்க்காவை விரித்தாள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று திருவல்லிக்கேணியில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ரஃபியா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள், அழவில்லை, அதுதான் தாங்கவில்லை, என்ன காரியம் செய்தேன், பெற்ற பெண்ணின் வாழ்க்கையை ஒரு கொலுசுக் கதைக்கு விற்றுவிட்டேனே, இதைவிடக் கரி என்ன இருக்கிறது என்று கம்ருன்னிசா எழுந்திருக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

குறட்டை எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை. "பீபி" என்றார் அப்பாஜான் தட்டிக்குப் பின்னாலிருந்து. அம்மீயை அப்படித்தான் கூப்பிடுவார். அம்மீ போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. "பீபி, யார் வந்திருக்கா?" கம்ருன்னிசா அம்மீயின் இடத்திலிருந்து, "பொண்ணு கேட்டு வந்திருக்காங்க" என்றாள். கட்டில் முனகியது. "பெரியவளையா, சின்னவளையா?" என்று கேட்டார். பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. "சின்னவளைன்னா கொடுத்துடலாம் பீபி. அது எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீடு நல்லா இருக்கும். பெரியவளைன்னா இல்லேன்னு சொல்லிடு. நீ என்னைத் திட்டுவே, அவளை ஊர் சிரிக்க வச்சேன்னு திட்டுவே. எனக்கு எழுத வர்றதே அவ பேசறதுதான். மத்ததெல்லாம் நானா எழுதினது, நீயே தூங்கிடறே. அவளை அனுப்பிட்டா நான் யார் பேச்சைக் கேக்கறது? நீ இல்லேன்னு சொல்லிடு. காரணம் கேட்டா, அவங்கப்பனுக்குப் பிரிய மனசில்லேன்னு சொல்லு." மூச்சு வாங்கியது, இருமினார், அடங்கினார்.

ஸக்கியா பீ ஒரு கையைப் புர்க்காவில் நுழைத்தபடி நின்றிருந்தாள். மெதுவாக அந்தக் கையை வெளியே எடுத்தாள், திரும்ப விரிப்பில் உட்கார்ந்தாள். நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்ததைக் கையமர்த்தினாள். அவள் குரல் கம்மியிருந்தது. "பெரியவளைக் கேக்கலேன்னு சொல்லுங்க. அவளை நாங்க கொண்டுபோக மாட்டோம். பெரியவளோட பொண்ணைக் கேட்டுத்தான் ஆம்பூர்லேர்ந்து வந்திருக்கோம், என் வீட்ல அவ பேச்சுக்குக் குறை வராதுன்னு சொல்லுங்க. தருவாரான்னு நீங்களே கேளுங்க." கம்ருன்னிசா வாயைத் திறந்தாள். வாழ்நாளெல்லாம் கேட்கும் முன்னே வந்து நின்ற வாய், கல்லெறிந்தவனுக்கும் பதில் வைத்திருந்த வாய், இப்போது ஒரு சொல்லும் வரவில்லை. அழுகைதான் வந்தது, ஐம்பது வயதுப் பொம்பளை சம்பந்திக்காரர்களுக்கு முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு, வெட்கமில்லாமல், ரஃபியா வந்து தோளைப் பிடித்துக்கொள்ளுமளவுக்கு அழுதாள். நஃபீசாதான் எழுந்து போய்த் தட்டிக்குப் பக்கத்தில் நின்று, "அப்பாஜான், பெரியவ பொண்ணைக் கேக்கறாங்க, கொடுக்கலாமா?" என்று கேட்டாள்.